திங்கட்கிழமை மூடியிருக்கும்

வாழவந்தி,
12-10-1987

மீனாட்சிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

பள்ளிச் சாரணியர் படையோடு டெல்லிக்கு வருகிறேன், அக்டோபர் நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாமரைக் கோயில் வாசலில் நில் என்று ஒரு மாதம் முன்பே உனக்கு எழுதினேன். நீ வரவில்லை. அது மட்டும் என்றால் இரண்டு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி அந்தக் கோயிலுக்குப் போய் வந்ததாக நான்கு பக்கம் எழுதினாய். வெயில் ஏற ஏற இதழ்கள் விரியும், பொழுது சாயும்போது கூம்பிவிடும், அடியில் மோட்டார் இருக்கிறது, சுவரில் காதை வைத்தால் அது உறுமுவது கேட்கும் என்று எழுதினாய். உள்ளே ஒரு குளம், குளத்தில் கண்ணாடித் தாமரை, மணியை அடித்தால் அதற்குள் விளக்கு எரியும் என்று எழுதினாய். நான் எல்லாவற்றையும் நம்பினேன். ரயிலில் இரண்டு இரவும் இருபத்திரண்டு பேருக்கு அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் தலைவி சிஸ்டர் அற்புதம்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதழ் விரிவதை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று நான்தான் எட்டு மணிக்கே எல்லோரையும் இழுத்துப் போனேன். வேலிக்கு வெளியே வரிசையாக நின்றோம். வெயில் ஏறியது. கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள். நாங்கள் நடைபாதையிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே தொண்டு செய்யும் ஓர் அக்கா, கோயம்புத்தூர்க்காரர், எங்கள் தமிழைக் கேட்டு வந்தார்.

“ஏனுங்க சிஸ்டர், எல்லாரும் எதைப் பாத்துட்டு நிக்கறீங்க?”

“பூ விரியறதைப் பாக்கலாம்னுங்க” என்றார் சிஸ்டர்.

அந்த அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. என் தலையைத் தொட்டு, “அது காங்க்ரீட்டு கண்ணு. மேல மார்பிளு ஒட்டியிருக்குது. பாதி விரிஞ்ச மாதிரியே கட்டியிருக்காங்க. அப்படியேதான் இருக்கும்” என்றார்.

உடனே நம் வகுப்பு அத்தாயி ஆரம்பித்தாள். “ஏனுங்க மோட்டாரு, கரண்டு போயிருச்சுங்களா?”

உள்ளே குளம் இல்லை, மணி இல்லை, கண்ணாடி இல்லை. பெஞ்சுகள் இருந்தன. பேசக்கூடாது என்பதால் இருபத்திரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். உலகமே வந்து பார்க்கிற கட்டடத்துக்குள் உட்கார்ந்து நான் பார்த்தது என் கால் பெருவிரலை மட்டும்தான்.

இப்போது பள்ளியில் என் பெயர் மோட்டார் செல்வி. ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டரே அப்படிக் கூப்பிடுகிறார். நீ ஏன் பொய் எழுதினாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். சாக்குப்போக்கு வேண்டாம்.

ஜே. லூர்துசெல்வி,
ஒன்பதாம் வகுப்பு ‘அ’,
நூலகத் தலைவி.


கரோல்பாக், டெல்லி,
26-10-1987

லூர்துசெல்விக்கு,

உன் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். “நல்லா இருக்காளாம்” என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.

ஏன் வரவில்லை என்றால், இங்கே நாங்கள் நடத்துவது சாப்பாட்டு மெஸ். ஏற்காட்டு லாட்ஜில் அப்பா சமைத்தபோது நானும் நீயும் பின்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினோமே, அந்த மாதிரி இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து தோசைக்கு ஆள் நிற்பார்கள். மாவுக்கு அம்மா. சட்னிக்கு நான். எச்சில் தட்டு எடுப்பதும் நான். எங்களுக்கு லீவு திங்கட்கிழமை ஒரு நாள்தான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி என்ன கிழமை என்று காலண்டரில் பார். அன்றைக்கு நான் போனது பொய் இல்லை. அப்பாவை இரண்டு வாரம் நச்சரித்து, இரண்டு பஸ் மாறிப் போனோம். கேட் பூட்டியிருந்தது. அந்தக் கோயிலுக்கும் திங்கட்கிழமைதான் லீவு. காவல்காரர் ஹிந்தியில் ஏதோ சொன்னார். அப்பா புரிந்த மாதிரித் தலையாட்டிச் சிரித்தார். நான் அரைமணி நேரம் கம்பி வழியாகப் பார்த்தேன். கண்ணால் பார்த்ததைப் பற்றி எழுதியது ஒன்றாவது தப்பா, சொல். வெள்ளை இதழ், சுற்றிலும் நீலத் தண்ணீர், தண்ணீரில் அதன் நிழல்.

“வா கண்ணு, இன்னொரு நாளைக்கு வந்து பாத்துக்கலாம்” என்றார் அப்பா. எந்தத் திங்கட்கிழமை வந்தாலும் அது பூட்டித்தான் இருக்கும். அவருக்கும் அது தெரியும்.

பார்க்காத மோட்டாரையும் குளத்தையும் ஏன் எழுதினேன்? நீ கேட்டாய். ஜூன் மாதத்திலிருந்து ஐந்து கடிதம் எழுதினாய். ஐந்திலும் தாமரைக் கோயிலுக்குப் போனாயா, உள்ளே எப்படி இருக்கும், உயரம் எவ்வளவு, யார் கட்டினார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய் என்று ஒரு வரி கேட்டாயா? நான் எதிலும் சேரவில்லை. எட்டாவதோடு நிற்கிறேன். இங்கே தமிழ்ப் பள்ளி இருக்கிறது. அப்பா கூட்டிக்கொண்டு போனார். டி.சி. கொண்டா என்றார்கள். நம் பள்ளியில் டி.சி. தரவில்லை. ஏன் தரவில்லை என்பது உனக்குத் தெரியும்.

நூலகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு அட்டைக்கு வாரம் ஒரு புத்தகம். உனக்கு ஒன்று போதாது என்று என் அட்டையிலும் எடுத்துக்கொண்டே இருந்தாய். கடைசியாக எடுத்த கோள்கள் படப் புத்தகம் இன்னும் என் பெயரில் நிற்கிறது. டி.சி. கேட்கப் போன அன்றைக்கு அலுவலகத்தில் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் உன்னைத் தலைவி பதவியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன். ஜூலையில் கேட்டதற்கு ‘கொடுத்தாச்சு’ என்று எழுதினாய். பொய்யைப் பற்றி நீ எனக்குப் பாடம் நடத்தாதே.

இன்னொன்றும் உண்டு. என் கடிதங்களை நம் கையெழுத்துப் பத்திரிகையில் ‘டெல்லிக் கடிதம்’ என்று போட்டிருக்கிறாய். மளிகைக் கடைக்காரன் திட்டினால் அப்பா சிரித்துக்கொண்டே நிற்கிறார் என்று உனக்கு மட்டும் எழுதியதையும் சேர்த்து. லாட்ஜில் வேலை செய்யும் பொன்னுவேல் மாமா மகள் அதைப் படித்துச் சொல்ல, மாமா அப்பாவுக்கு எழுதிவிட்டார். ‘அங்கே திட்டு வாங்கிட்டுச் சிரிக்கிறியாமே பழனிசாமி’ என்று. அப்பா அதை இரண்டு முறை படித்தார். அன்று என்னோடு பேசவில்லை.

உன்னை மோட்டார் என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

மீனாட்சி


வாழவந்தி,
6-11-1987

மீனாட்சிக்கு,

நீ பள்ளிக்குப் போகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ எழுதினால்தானே தெரியும். குளம் எழுதினாய், கண்ணாடித் தாமரை எழுதினாய், இதை எழுதக் கை வரவில்லையா?

நான் புத்தகத் திருடி இல்லை. கொடுத்தாச்சு என்று எழுதியது சத்தியமான வார்த்தை. ஜூலை முதல் வாரம், மதியம் நூலகம் பார்க்கும் ஆரோக்கியதாஸ் சார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மூன்றாம் அலமாரியில் அது எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் நானே என் கையால் வைத்தேன். சார் இருக்கும்போது கொடுத்தால், ஊரைவிட்டுப் போன பிள்ளை எடுத்த புத்தகம் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார். அதனால் வைத்துவிட்டு வந்தேன். ஒரு பக்கம்கூடக் கசங்கவில்லை. டி.சி. தரவில்லை என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கும். உன் அப்பா சரியாகக் கேட்கத் தெரியாமல் வந்திருப்பார்.

பத்திரிகையில் போட்டது நீ நன்றாக எழுதியிருந்தாய் என்பதற்காக. கேலிக்காக இல்லை. உன் பெயரைப் பெரிய எழுத்தில், பச்சை மசியில் போட்டேன். அப்பாவைப் பற்றிய இடத்தை விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த இடம்தான் நன்றாக இருந்தது.

இங்கே காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் எஸ்டேட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் பனியில் தனியாக பஸ்ஸுக்கு நின்றுகொண்டு உன்னோடு மனதுக்குள் சண்டை போடுகிறேன். ஒவ்வொரு நாளும் நான்தான் ஜெயிக்கிறேன்.

ஜே. லூர்துசெல்வி,
ஒன்பதாம் வகுப்பு ‘அ’,
நூலகத் தலைவி.


கரோல்பாக்,
16-11-1987

லூர்துசெல்விக்கு,

சார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வைத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நீயே ஒருமுறை படி.

புத்தகம் திரும்பி வந்தது என்று சாருக்கு யார் சொன்னது? பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே யார் கையெழுத்துப் போட்டார்கள்? அலமாரி போய் அலுவலகத்தில் சொல்லுமா?

அப்பாவுக்குக் கேட்கத் தெரியாது என்று எழுதினாய். அவர் பள்ளிக்கு இரண்டு கார்டு போட்டார். இரண்டாவதற்குப் பதில் வந்தது. ‘நூலகப் புத்தகம் நிலுவை.’ அவ்வளவுதான் இருந்தது.

இங்கே ஏப்ரலில் புது வகுப்பு. அதற்குள் டி.சி. வராவிட்டால் அடுத்த வருஷமும் சட்னிதான். அதற்கப்புறம் யாரும் சேர்க்க மாட்டார்கள், எனக்கும் கேட்க வாய் வராது. வேறு எதுவும் எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம்.

மீனாட்சி


வாழவந்தி,
5-12-1987

மீனாட்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதிவேட்டைப் பார்த்தேன். சாவி என்னிடம்தானே இருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை நான் அந்தப் பதிவேட்டைத் திறக்கிறேன். பழைய பக்கத்தைத் திருப்பியதே இல்லை. ‘ப. மீனாட்சி, 8 அ’ என்பதற்கு எதிரே சிவப்பு மசியில் ‘வரவில்லை’ என்று இருந்தது. புத்தகம் ஐந்தடி தூரத்தில் அலமாரியில் இருந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். நானே சிவப்பு எழுத்தை அடித்து ‘வந்தது’ என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எழுதினால் அலுவலகத்தில் சார் கையெழுத்தைக் கேட்பார்கள். மூன்றாம் நாள் பதிவேட்டையும் புத்தகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் ஆரோக்கியதாஸ் சார் மேசையில் வைத்தேன்.

சார் இரண்டையும் பார்த்தார். “புஸ்தகம் இங்க இருக்குது. வரலைன்னு அங்க இருக்குது. நடுவுல யாரு பாப்பா?”

“நானுங்க சார்.”

“எத்தனை நாளா அந்தப் புள்ளை அட்டையில எடுக்கறே?”

“ரெண்டு வருசமாங்க.”

“அதுக்குத் தெரியுமா?”

“தெரியுங்க. அதுதான் குடுத்துச்சு.”

“அது குடுத்துச்சு. நீ என்ன குடுத்தே?” என்றார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

தலைமை ஆசிரியை சிஸ்டர் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். இந்த ஆண்டு முடியும் வரை எனக்கு நூலக அட்டை கிடையாது. தலைவி பதவி போய்விட்டது. பத்திரிகையை அத்தாயியிடம் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உன் மேல், அத்தாயி மேல், சார் மேல். கடைசியில் சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து நிற்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அலுவலகத்தில் எழுத்தர் பெரியநாயகம் ஐயாவிடமும் போய்ச் சண்டை போட்டேன். “அந்தாளு ரெண்டு கார்டு போட்டாரு, நான் இல்லைங்கலை. புஸ்தகம் வரலைன்னா வரலைன்னுதான எழுதோணும்? இப்ப வந்துருச்சு. அப்பன் கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி வரட்டும், அன்னைக்கே எழுதிக் குடுத்தர்றேன்” என்றார். ஆகவே உன் அப்பாவிடம் ஒரு விண்ணப்பம் வாங்கி அனுப்பு. மாதிரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தேதியும் கையெழுத்தும் மட்டும் போதும்.

டெல்லிக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ ‘கேட் பூட்டியிருந்தது’ என்று எழுதியிருந்தால் போதும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பேன், பத்திரிகையில் போட்டிருக்க மாட்டேன். போட்டிருப்பேனோ என்னவோ.

ஐந்து கடிதத்திலும் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேனா இல்லையா, நினைவில்லை என்று எழுத நினைத்தேன். நினைவிருக்கிறது. கேட்கவில்லை.

லூர்துசெல்வி


கரோல்பாக்,
21-12-1987

லூர்துசெல்விக்கு,

விண்ணப்பம் இதில் இருக்கிறது. மூலையில் இருக்கும் கறை தேங்காய்ப்பால். வேறு தாளில் கேட்டால் அப்பா மறுபடி போடமாட்டார் என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

இந்த ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. உன் பெயரைச் சொன்னதுமே அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “அந்தப் புள்ளைகூட இன்னும் கடுதாசியா? நம்ம ஊட்டுச் சங்கதிய ஊருக்கே படிச்சுக் காட்டுனவகிட்டயா கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றே?”

“படிச்சுக் காட்டுனது அவ. எழுதுனது நானுங்கப்பா” என்றேன்.

அதைச் சொன்னதும் அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “நான் சிரிச்சதை எதுக்குச் சாமி எழுதுனே?” என்றார். திட்டியிருக்கலாம்.

நான் அழுதேன். ஆனால் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்னி அரைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்கு மெஸ்ஸில் இருபது பேர் வெறும் தோசையை வைத்துக்கொண்டு சட்னி சட்னி என்கிறார்கள். அப்பா வந்து கத்தினார். “படிச்சு என்ன பண்ணப்போறே? கல்லாவுல உக்காரு, கணக்கு வந்துரும்.”

“உக்காந்துக்கறேனுங்க. பத்தாவது முடிச்சுட்டு உக்காந்துக்கறேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். “ஒரு கையெழுத்துத்தானுங்க கேக்கறா. அதைப் போட்டுட்டுச் சட்னிய வாங்கிட்டுப் போங்க. நொம்பப் பேரு நிக்கறாங்க.”

தேங்காய் துருவிய கையோடு போட்டார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். கோணல் என்று சொல்லி உங்கள் பெரியநாயகம் ஐயா திருப்பி அனுப்பினால் நானே வந்துவிடுவேன்.

நீ பதவி இழந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. நான் இழந்தது அதைவிடப் பெரியது. ஆனால் பதிவேட்டை நீயே அடித்து எழுதிவிடவில்லை. அதைக் கவனித்தேன்.

மீனாட்சி


வாழவந்தி,
11-1-1988

மீனாட்சி,

டி.சி. இத்துடன் பதிவுத் தபாலில் வருகிறது. தபாலாபீஸில் ஒட்டும் வரை நின்று பார்த்தேன். பிறந்த தேதி, அப்பா பெயர், எட்டாம் வகுப்பு தேர்ச்சி என்பது எல்லாம் சரியா என்று மூன்று முறை படித்தேன். ‘நடத்தை’ என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்றிருக்கிறது. நான் சொல்லி எழுதியது இல்லை. பெரியநாயகம் ஐயாவே எழுதினார்.

எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? பரீட்சை வைப்பார்களா? ஹிந்தி எழுத வேண்டுமா? பள்ளி மெஸ்ஸிலிருந்து எவ்வளவு தூரம்? காலை வேலையை யார் பார்ப்பார்கள்? அப்பா உன்னோடு பேசுகிறாரா?

இதற்கெல்லாம் பதில் வரும் வரை வேறு எதுவும் கேட்க மாட்டேன். நீ எழுதும் எதையும் யாருக்கும் காட்ட மாட்டேன். என் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு, அறிவியல் குறிப்புகளைத் தனியாக ஒரு நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பு.

லூர்துசெல்வி


கரோல்பாக்,
26-4-1988

லூர்துசெல்விக்கு,

பதில்கள். பரீட்சை வைத்தார்கள். கணக்கில் நன்றாக எழுதினேன், ஹிந்தித் தாளில் என் பெயரை மட்டும் எழுதினேன். ஹிந்திக்குத் தனியாக ஒரு டீச்சரிடம் விடுகிறார்கள். பஸ்ஸில் இருபது நிமிஷம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சட்னியை முடித்துவிட்டுப் போகிறேன், தட்டு எடுக்க ஒரு அம்மாவை வைத்திருக்கிறார்கள். அப்பா பேசுகிறார். முதல் நாள் பள்ளி வாசல் வரை வந்தார். வாட்ச்மேன் ஹிந்தியில் ஏதோ கேட்டதற்கு, சிரிக்காமல், “பேட்டி, பேட்டி, ஸ்கூல்” என்றார். பேட்டி என்றால் மகள். உள்ளே விட்டார்கள்.

உன் நோட்டு வந்தது. திருப்பி அனுப்ப எடுத்து வைத்தேன். அறிவியல் பகுதி தேவைப்பட்டதால் அனுப்பவில்லை.

வகுப்பில் எல்லோரையும்விட நான் ஒரு வயது பெரியவள். ‘அக்கா’ என்கிறார்கள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் உன் ஞாபகம் வருகிறது, நல்லவிதமாக இல்லை. நீ பத்தாவது போகிறாய். அந்த ஒரு வருஷத்தை யாராலும் பதிவுத் தபாலில் அனுப்ப முடியாது. அது எனக்குத் தீரவில்லை, எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு கண்ணாடித் தாமரை ஆகிவிடும்.

உனக்கு இப்போது நூலக அட்டை இருக்கிறதா? வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் முதலில் இதை எழுது. எனக்கு நாளைக்கு ஹிந்தி எழுத்துப் பயிற்சி இருக்கிறது, நிறுத்துகிறேன்.

ப. மீனாட்சி,
ஒன்பதாம் வகுப்பு ‘பி’.